விண்வெளி ஆருக்குச் சொந்தம்? எலீட் முதல் இன்றுவரை ஒரு கேமின் வரலாறு

விண்வெளி வணிகக் கேம்களைப் பற்றி நாலு பேர் கதைக்கத் தொடங்கினால் ஐந்து நிமிசத்துக்குள் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "பெரிசுதான், ஆனா உள்ளுக்கு ஒண்டுமில்லை. இங்க சாமான் ஏத்திறது, அங்க இறக்கிறது. லொறி ஓடுற வேலைக்கு ஏன் விண்கலம்?" என்பது ஒரு கட்சி. "அதுதானே வடிவு. அங்க போ, இதைச் செய் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. வியாபாரம் செய், கொள்ளையடி, இல்லாட்டி சும்மா நட்சத்திரம் பார்த்துக்கொண்டு திரி. உன்ர விருப்பம்" என்பது மற்றக் கட்சி. யோசித்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் ஒரே விசயத்தைத்தான் சொல்லுது. ஒருவருக்கு வெறுமையாகத் தெரிவது மற்றவருக்குச் சுதந்திரமாகத் தெரிகிறது.

இந்தச் சண்டைக்கு வயது 40க்கு மேல். அதன் வரலாற்றை 1984இலிருந்து வரிசையாகப் பார்த்தால், படம் வடிவானதும் உலகம் பெரிதானதும் மட்டும் தெரியாது. விளையாடுகிறவரின் வாயும் கையும் இடம்மாறின கதை ஒன்றும் தெரியும். அந்தக் காலத்தில் விளையாடினவரின் சொல்லுக்குக் கேமை மாற்றும் பலம் இருக்கவில்லை. ஆனால் வாங்கின கேம் அவருடைய கையில் இருந்தது. இன்றைக்கு அவருடைய சொல்லுக்குப் பெரிய நிறுவனங்களையே ஆட்டிவைக்கும் பலம் இருக்கிறது. ஆனால் கேம் அவருடைய கையில் இல்லை. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மூன்று உயிர், பத்து நிமிசம்

1980களின் தொடக்கத்தில் வீடியோ கேம்களுக்கு ஒரு எழுதாத சட்டம் இருந்தது. காசு போட்டு விளையாடும் பெட்டிகளிலிருந்து வந்த சட்டம் அது. விளையாடுகிறவருக்கு மூன்று உயிர். ஒரு ஆட்டம் பத்து நிமிசத்துக்குள் முடிய வேண்டும், அப்போதுதானே அடுத்த காசு விழும். எவ்வளவு கெட்டிக்காரர் என்று காட்ட ஒரு புள்ளிக்கணக்கு. வீட்டுக் கணினிக்குக் காசு போடத் தேவையில்லை. ஆனாலும் வீட்டுக் கேம்களும் இதே சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்களும் இந்தச் சட்டத்தை மீறினார்கள். அவர்கள் எழுதிய கேமில் உயிர்க்கணக்கு இல்லை, புள்ளி இல்லை, முடிவும் இல்லை. கையில் ஒரு கப்பல், 100 கிரெடிட் காசு. அதோடு உங்களை விட்டுவிடுவார்கள். தோர்ன் ஈஎம்ஐ நிறுவனத்திடம் முதலில் காட்டினபோது அவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் எதிர்பார்த்தது அந்த மூன்று உயிரையும் பத்து நிமிசத்தையும்தான். பிறகு ஏகோர்ன்சொஃப்ட் எடுத்துக்கொண்டது. 1984 செப்டெம்பர் 20 இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக "எலீட்" வெளிவந்தது.

அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். திரைக்கும் மற்றத் தேவைகளுக்கும் போக, கேமுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 22 கிலோபைட். இன்றைக்கு நாங்கள் போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம் அதைவிட நூறு மடங்கு பெரிது. அந்த 22க்குள் கோடுகளால் வரைந்த முப்பரிமாணக் கப்பல்கள், சண்டை, சந்தை விலைகள் எல்லாம் இருந்தன. எட்டு விண்மீன்கூட்டங்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள், மொத்தம் 2,048.

இவ்வளவையும் எங்கே வைத்தார்கள்? ஒன்றையும் வைக்கவில்லை, தேவைப்படும்போது கணக்குப் போட்டு எடுத்தார்கள். முதலில் மூன்று எண்கள். அந்த மூன்றையும் கூட்டினால் நான்காவது எண் வரும். முதலாவதைக் கழித்துவிட்டு, மிச்சம் உள்ள மூன்றையும் திரும்பக் கூட்டினால் அடுத்தது. இப்படி ஓடுகிற எண்களிலிருந்துதான் ஒவ்வொரு உலகத்தின் பெயர், அரசாங்கம், பொருளாதாரம், சனத்தொகை எல்லாம் பிறக்கும். தொடக்க எண்கள் மாறாததால், நீங்கள் எத்தனை தரம் திரும்பி வந்தாலும் அந்த உலகம் அதே இடத்தில் அதே பெயரோடு இருக்கும். இந்த முறையில் 282 இலட்சம் கோடி விண்மீன்கூட்டங்களைக்கூட உருவாக்கியிருக்கலாம். எட்டுப் போதும் என்று சொன்னது ஏகோர்ன்சொஃப்ட். அத்தனை கோடியைக் கொடுத்தால் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து வருவது விளையாடுகிறவருக்குப் பிடிபட்டுவிடும் என்பது அவர்களுடைய பயம்.

இதைக் கொஞ்சம் நினைவில் வைச்சிருங்கோ. "பெரிசு, ஆனா எல்லாம் ஒரே மாதிரி" என்ற குற்றச்சாட்டை, ஒரு ஆள் விளையாடிப் பார்ப்பதற்கு முன்னமே வெளியீட்டாளர் ஊகித்துவிட்டார். 32 வருசத்துக்குப் பிறகு இன்னொரு கேம் உலகங்களின் எண்ணிக்கையை 18க்குப் பின்னால் 18 பூச்சியம் வரை கொண்டுபோனது. அந்தக் குற்றச்சாட்டும் அதே வேகத்தில் திரும்பி வந்தது.

சந்தையும் மனச்சாட்சியும்

எலீட்டில் பிழைக்கும் வழி இலகுவானது. விவசாய உலகங்களில் உணவு மலிவு, கணினி விலை கூட. கைத்தொழில் உலகங்களில் அது தலைகீழ். இங்கே வாங்கி அங்கே விற்று, வந்த காசில் நல்ல லேசரும் பெரிய சரக்கறையும் வாங்கலாம். அரசாங்கம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் பயமில்லை. அராஜகம் நடக்கும் உலகத்துக்குப் போனால் வழியில் கொள்ளைக்காரர் நிற்பினம்.

சந்தைப் பட்டியலில் 17 வகைப் பொருட்கள். அதற்குள் போதைப்பொருள் இருந்தது, ஆயுதம் இருந்தது, அடிமைகளும் இருந்தார்கள். இந்த மூன்றையும் கடத்தினால் பொலிஸ் துரத்தும். துரத்துகிறதோடு சரி. கேம் உங்களுக்கு அறிவுரை சொல்லாது. அடிமைகளை விற்பதும் தங்கம் விற்பதும் திரையில் ஒரே மாதிரியான ஒரு வரிதான். இதில் எது வேண்டும் என்று விளையாடுகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

1984 பிரித்தானியாவில் மார்கரட் தட்சரின் ஆட்சி. சுரங்கத் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வருசம். சந்தையே எல்லாவற்றையும் தீர்மானிக்கும், கெட்டிக்காரன் மேலே வருவான், மற்றவன் தன்பாட்டைப் பார்க்கட்டும் என்ற சிந்தனை அரசியலில் கோலோச்சிய காலம். ஆகவே எலீட்டைத் தட்சர் காலத்துக் கேம் என்று வாசித்தவர்கள் பிறகு வந்தார்கள். அந்த வாசிப்பில் நியாயம் இருக்கிறது. தனி ஆள், தனிக் கப்பல், லாபம் தவிர வேறு உறவு இல்லை. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யாரையும் ஏமாற்றாமல் உணவும் இயந்திரமும் ஏற்றியிறக்கி, மெதுவாகக் காசு சேர்த்து விளையாடவும் அதே கேம் இடம் கொடுத்தது. பதில் சொல்லாமல் விட்டதால்தான் விளையாடினவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குள் ஒரு பதிலைத் தேட வேண்டி வந்தது. கருத்துச் சொல்லும் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். புள்ளிக்கணக்கு உள்ள கேமில் புள்ளியே பேசிவிடும். முடிவில்லாத கேமில் "நான் இதில என்ன செய்தன்" என்பதை விளையாடினவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

புள்ளிக்குப் பதிலாகப் பட்டங்கள் இருந்தன. "ஆபத்தில்லாதவர்" என்ற நிலையில் தொடங்கி, மேலே மேலே ஏறி, 6,400 கப்பல்களை வீழ்த்தினால் "எலீட்" பட்டம். கேம் பெட்டிக்குள் ஒரு தபாலட்டையும் இருந்தது. உங்கள் நிலையை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பலாம். விளையாடுகிறவருக்கும் செய்தவருக்கும் நடுவில் இருந்த நேரடி வழி அவ்வளவுதான்: ஒரு தபாலட்டை.

சுழலும் விண்நிலையத்தின் சிறிய வாசலுக்குள் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் எல்லோரும் இன்றைக்கும் நினைவுகூரும் கஷ்டம். சண்டையில் தப்பி வந்தவர்கள் வாசலில் மோதிச் செத்தார்கள். காசு சேர்த்துத் தானியங்கிக் கருவி வாங்கினால் அது பார்த்துக்கொள்ளும். 1985இல் வந்த கொமடோர் 64 பதிப்பில் அந்தக் கருவி வேலை செய்யும்போது "நீல டன்யூப்" இசை ஒலிக்கும். இது "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" படத்தில் கப்பல் நிலையத்தை அடையும் காட்சிக்குச் செலுத்திய மரியாதை. அந்தப் படத்தின் கதையை ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இலிருந்து சாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். எங்கட நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள மெல்லிய நூல் அது.

கண்ணாடி வைத்துப் பார்த்த பூட்டு

"வாங்கின கேம் கையில் இருந்தது" என்று சொன்னோம். முழுக்கவும் அப்படி இருந்ததில்லை. 1985இல் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு எலீட் வந்தபோது, கசெற் பிரதி எடுப்பதைத் தடுக்க ஒரு பூட்டும் கூடவே வந்தது. அதன் பெயர் லென்ஸ்லொக். கேம் தொடங்கினதும் திரையில் குழம்பின எழுத்துகள் தோன்றும். பெட்டியோடு வந்த பிளாஸ்ரிக் கண்ணாடியைத் திரையில் பிடித்துப் பார்த்தால்தான் அந்த எழுத்துகள் சரியாகத் தெரியும். அதைத் தட்டினால்தான் கேம் திறக்கும். ரிவி மிகச் சிறிதாக அல்லது மிகப் பெரிதாக இருந்தால் ஒன்றும் தெரியாது. சில பெட்டிகளில் வேறு கேமுக்கான கண்ணாடியை மாறிப் போட்டுவிட்டார்கள். காசு கொடுத்து நேர்மையாக வாங்கினவர் வெளியே நின்றார்.

இந்த வரலாற்றில் விளையாடுகிறவரின் கோபம் இரண்டு வகையாக வரும். ஒன்று கேமைப் பற்றியது: சண்டை சரியில்லை, உலகம் வெறுமை. மற்றது உரிமையைப் பற்றியது: நான் வாங்கினதை ஏன் என்னால் விளையாட ஏலாது? இரண்டாவது கோபம் 1985இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கேமை ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு ஆரும் வந்து மூட முடியாது. அந்தக் காலத்தின் நன்மை அது. கேமில் பிழை இருந்தால் ஆரும் வந்து திருத்தவும் முடியாது. அது அந்தக் காலத்தின் குறை.

நியூட்டன் வந்து குழப்பினார்

1993இல் பிரேபன் "ஃபிரொன்ரியர்: எலீட் 2" ஐ வெளியிட்டார். ஒரேயொரு பிளொப்பிக்குள் பால்வீதி முழுக்க. சூரியனும் பூமியும் செவ்வாயும் தங்களுக்குரிய இடத்தில் இருந்தன. கோள்கள் சுற்றின, அவற்றில் போய் இறங்கலாம்.

ஆனால் பழைய ரசிகர்களில் பலருக்கு முகம் சுளித்தது. காரணம் நியூட்டன். முதல் எலீட்டில் கப்பல்கள் விமானம் மாதிரிப் பறந்தன, திரும்பின இடத்துக்குப் போயின. ஃபிரொன்ரியரில் உண்மையான இயக்கவிதி. விண்வெளியில் உராய்வு இல்லை, ஆகவே ஒரு பக்கம் வேகம் எடுத்தால் எதிர்ப்பக்கம் உந்தும்வரை நிற்காது. சண்டை என்று வந்தால் இரண்டு கப்பலும் ஒன்றையொன்று பயங்கர வேகத்தில் கடந்து போகும், திரும்பும், மீண்டும் கடக்கும். இயற்பியலின்படி சரி. சண்டையாகப் பார்த்தால் அலுப்பு. "உண்மை மாதிரி இருக்க வேணுமா, விளையாட நல்லா இருக்க வேணுமா?" என்ற கேள்வி அப்போது கிளம்பியது. இன்றுவரை தீரவில்லை.

1995இல் அடுத்த பாகமான "ஃபெர்ஸ்ற் என்கௌன்ரேர்ஸ்" முடியாத வேலையாக, பிழைகள் நிறைந்து சந்தைக்கு வந்தது. விளையாடினவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் அதன்பிறகு நடந்ததுதான் சுவாரசியம். கேம் அவர்களுடைய வட்டில் இருந்தது. ஆகவே வருசங்கள் போக, கணினி தெரிந்த ரசிகர்கள் அதைப் பிரித்து, பிழை திருத்தி, புதிய கணினிகளில் ஓடும் பதிப்புகளைத் தாங்களே செய்தார்கள். முதல் எலீட்டின் சாயலில் "ஊலைட்" என்ற இலவசத் திறந்த மூலக் கேமும் ரசிகர் கையால் பிறந்தது.

2003இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட "பிரீலான்சர்" கேமும் இதே வகை. சுட்டியால் கப்பலோட்டும் இலகுவான கேம். அதில் விளையாடுகிறவர்களே தங்கள் சேர்வரை நடத்தலாம் என்று விட்டிருந்தார்கள். வெளியிட்டவர்கள் அதைக் கைவிட்டு எவ்வளவோ காலம். 20 வருசம் தாண்டியும் ரசிகர்களின் சேர்வர்களில் புதிய கப்பல்களும் புதிய உலகங்களும் சேர்ந்துகொண்டு அது ஓடுகிறது. கையில் இருக்கும் கேமுக்கு ஆயுள் கூட என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிலையைச் சுட்ட சனம்

அதே 2003 மே மாதம் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் "ஈவ் ஒன்லைன்" ஐத் தொடங்கியது. எலீட்டின் கனவுதான், ஆனால் இங்கே மற்றக் கப்பல்களுக்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள். உலகம் நிறுவனத்தின் சேர்வரில் இருந்தது. மாதம் மாதம் காசு கட்டினால் உள்ளே போகலாம். கப்பல்களில் மிகப் பெரும்பான்மையை விளையாடுகிறவர்களே தாது தோண்டி, உதிரி செய்து, கட்டி விற்றார்கள். சந்தை அவ்வளவு சிக்கலாகியது, 2007இல் நிறுவனம் ஒரு பொருளியலாளரையே வேலைக்கு எடுத்தது.

வெறுமை என்ற முறைப்பாட்டுக்கு இங்கே பதில் கிடைத்தது: சனம். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி ஒரு விண்மீன் தொகுதியின் உரிமைக்கான கட்டணத்தைக் கட்டத் தவறியது. அதைப் பிடிக்க எதிரிகள் பாய்ந்தார்கள். 7,000க்கு மேற்பட்ட ஆட்கள் கலந்துகொண்ட சண்டை ஏறத்தாழ ஒரு நாள் நீடித்தது. சேர்வர் தாங்காததால் கேமுக்குள் நேரமே பத்தில் ஒன்றாக மெதுவாக்கப்பட்டது. ரைற்றன் எனும் மிகப்பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. அழிந்தவற்றின் மொத்தப் பெறுமதியை உண்மைக் காசில் 3 இலட்சம் டொலர் என்று மதிப்பிட்டார்கள். கட்ட மறந்த ஒரு பில்லால் வந்த வினை!

ஆனால் உலகம் நிறுவனத்தின் கையில் இருந்ததால் புதிய பிரச்சினையும் வந்தது. 2007இல் நிறுவன ஊழியர் ஒருவர் தான் சேர்ந்திருந்த கூட்டணிக்கு அரிய பொருட்களைக் கொடுத்தது அம்பலமானது. நடுவரே ஒரு பக்கம் விளையாடினால் எப்படி? அந்தக் கோபத்துக்குப் பிறகு, 2008இல் விளையாடுகிறவர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் ஒரு மன்றம் உருவானது. தெரிவானவர்களை நிறுவனம் தன் செலவில் ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேசும். 1984இன் தபாலட்டையிலிருந்து ஒரு சின்னப் பாராளுமன்றம் வரை வந்த தூரம் இது.

அந்த மன்றத்துக்கும் சோதனை 2011இல் வந்தது. கேமுக்குள் உண்மைக் காசுக்கு அலங்காரப் பொருட்கள் விற்கும் கடை திறந்தார்கள். பாத்திரம் ஒற்றைக் கண்ணில் அணியும் ஒரு கண்ணாடியின் விலை 60 டொலருக்கு மேல். அதே நேரம், இன்னும் கூடப் பொருட்களைக் காசுக்கு விற்கலாமா என்று நிறுவனத்துக்குள் விவாதித்த ஓர் உள்சுற்று இதழ் வெளியில் கசிந்தது. இன்றைக்குக் கண்ணாடி, நாளைக்குக் காசு கொடுத்தால் பலமான கப்பல் என்றால், வருசக்கணக்காகக் கஷ்டப்பட்டுக் கட்டினவன் ஆர்? ஜீற்றா என்ற பெரிய சந்தைத் தொகுதியில் ஆயிரக்கணக்கானோர் கூடி, அங்கிருந்த நினைவுச்சிலையைச் சுட்டுக்கொண்டே நின்றார்கள். சிலைக்கு ஒன்றும் ஆகாது, அது எல்லோருக்கும் தெரியும். வெளியில் ஆயிரக்கணக்கான சந்தாக்கள் நிறுத்தப்பட்டன. அது நிறுவனத்துக்கு உறைத்தது. மன்ற உறுப்பினர்களை அவசரமாக அழைத்துப் பேசினார்கள். அந்த வருசம் ஒக்ரோபரில் நிறுவனத் தலைவர் ஹில்மார் வெய்கார் பெற்றூர்சன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் ஊழியரில் ஐந்தில் ஒரு பங்கினர் வேலை இழந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. விளையாடினவர்கள் வென்றார்கள், ஆனால் முடிவெடுத்த மேசையில் இல்லாத பலரும் சேர்த்து விலை கொடுத்தார்கள்.

வாக்குறுதியை முன்கூட்டியே வாங்குதல்

2012 கடைசியில் பிரேபன் திரும்பி வந்தார். "எலீட் டேஞ்ஜரஸ்" செய்யப்போகிறேன், காசு தாருங்கள் என்று கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார். பழைய ரசிகர்கள் 15 இலட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். இணையம் இல்லாமல் தனியாக விளையாடவும் வழி இருக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது.

2014 நவம்பரில், வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்க, அந்த வழி இல்லை என்று அறிவித்தார்கள். எல்லோரும் சேர்ந்து மாற்றும் ஒரே பிரபஞ்சத்தைச் சேர்வர்தான் நடத்துகிறது, அதைப் பிரித்தால் கேம் வெறுமையாகிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கவனியுங்கோ, பழைய "வெறுமை" என்ற சொல் இப்போது நிறுவனத்தின் வாயிலிருந்து வருகிறது. விளையாடுகிறவர்கள் மறுபடி இரண்டாகப் பிரிந்தார்கள். "இந்தக் காலத்தில இணையம் இல்லாத ஆக்கள் ஆர்?" என்றார்கள் சிலர். "சேர்வரை மூடுற நாளில என்ர கேம் என்னாகும்?" என்று கேட்டார்கள் மற்றவர்கள். காசைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு உடனே தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதுவே இன்னொரு சண்டையானது.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில், டேட்டா பக்கேஜைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற எங்களுக்கு, அந்த முதல் கேள்வி எவ்வளவு வசதியானவர்களின் கேள்வி என்று விளங்கும்.

எலீட் டேஞ்ஜரஸ் நல்ல கதைகளையும் தந்தது. அதையும் சொல்லத்தான் வேணும். 40,000 கோடி விண்மீன் தொகுதிகள் கொண்ட அந்த உலகில் எரிபொருள் தீர்ந்து நடுவில் மாட்டிக்கொண்டால் கப்பல் அழிவதைத் தவிர வழியில்லை. 2015இல் சில விளையாட்டாளர்கள் சேர்ந்து "ஃபியூல் ரற்ஸ்" என்ற குழுவைத் தொடங்கினார்கள். யாராவது கூப்பிட்டால் எரிபொருளோடு போய்க் காப்பாற்றுவது மட்டுமே வேலை. கூலி வாங்குவதில்லை. கேம் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அதற்குப் பரிசும் வைக்கவில்லை. 1984இல் லாபத்துக்கான தனிக் கப்பலாகத் தொடங்கிய கேமுக்குள் விளையாடினவர்கள் ஒரு தொண்டு நிறுவனத்தைக் கட்டினார்கள். தட்சர் காலத்துக் கேம் என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் 2021இல் வந்த "ஒடிசி" விரிவாக்கம் பிழைகளோடு வந்தது. 2022 மார்ச்சில், பிளேஸ்ரேசன், எக்ஸ்பொக்ஸ் பதிப்புகளுக்கான புதிய வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். காசு கொடுத்துக் காத்திருந்த அந்தப் பக்கத்து ஆட்களுக்கு உலகம் அந்த நாளோடு உறைந்தது.

கோபம் திருத்திய கேம், தீராத காத்திருப்பு

2016 ஓகஸ்டில் ஹலோ கேம்ஸ் என்ற சிறிய பிரித்தானிய நிறுவனம் "நோ மான்ஸ் ஸ்கை" யை வெளியிட்டது. முன்னர் சொன்ன 18க்குப் பின்னால் 18 பூச்சியம் இதுதான். அவ்வளவு கோள்கள், எல்லாம் எலீட் மாதிரியே கணக்கிலிருந்து பிறந்தவை. சந்தர்ப்பம் கிடைத்தால் மற்ற விளையாட்டாளரைச் சந்திக்கலாம் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. வெளியான முதல் நாளிலேயே இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவரையொருவர் காண முடியவில்லை. அதோடு வெடித்தது. பிரித்தானிய விளம்பரக் கண்காணிப்பு அமைப்புவரை முறைப்பாடு போனது. அந்த அமைப்பு விளம்பரத்தில் ஏமாற்று இல்லை என்று அதே வருசம் முடிவு சொன்னது. கோபம் ஆறவில்லை.

நிறுவனம் வாய் மூடி வேலை செய்தது. அந்த நவம்பரில் முதல் பெரிய புதுப்பிப்பு. 2018இல் மற்றவர்களை உண்மையாகவே கண்டு சேர்ந்து விளையாடும் வசதி. தொடர்ந்து வந்த எல்லாம் இலவசம். ஸ்ரீம் தளத்தில் படுகுழியில் இருந்த மதிப்பீடு மெல்ல மெல்ல ஏறி, 2024இன் கடைசியில் "மிகவும் சாதகம்" என்ற நிலையைத் தொட்டது. எட்டு வருசம். விளையாடினவர்களின் சொல் ஒரு கேமைத் திருத்தி எடுத்ததற்கு இதுதான் பெரிய உதாரணம். ஆனால் அதே எட்டு வருசம் வேறொன்றையும் பழக்கிவிட்டது. முடியாத கேமை முதலில் விற்கலாம், பிறகு திருத்தலாம் என்ற பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் உச்சம் "ஸ்டார் சிற்றிசன்". பிரீலான்சரைத் தொடங்கிய கிறிஸ் ரொபேர்ட்ஸ் 2012இல் அறிவித்தது. 2014இல் வெளியிடுவதாகத்தான் முதல் திட்டம். ஆதரவாளர்கள் கொடுத்த காசு 70 கோடி டொலரைத் தாண்டிய பிறகும் முழுமையான வெளியீடு வரவில்லை. உள்ளே போய் விளையாடலாம், பலர் விளையாடுகிறார்கள், விரும்பியும் விளையாடுகிறார்கள். ஆனால் இன்னும் கட்டிமுடியாத வீட்டுக்கு வாடகை கட்டுகிற நிலைமைதான்.

கைக்கும் வாய்க்கும் நடுவில்

1985இல் லென்ஸ்லொக் கண்ணாடியோடு மல்லுக்கட்டினவரையும் 2014இல் கிக்ஸ்டார்ட்டர் காசைத் திருப்பிக் கேட்டவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. கேட்டது ஒன்றுதான்: நான் காசு கொடுத்ததில் எனக்கு என்ன உரிமை? முதலாமவரின் குரல் ஆருக்கும் கேட்கவில்லை, ஆனால் கேம் அவரிடம் மிஞ்சியது. இரண்டாமவரின் குரல் உலகம் முழுக்கக் கேட்டது, ஆனால் கேம் வேறெங்கோ ஒரு சேர்வரில் இருக்கிறது.

இது விண்வெளிக் கேம்களோடு நிற்கும் விசயமும் இல்லை. 2024 மார்ச்சில் யூபிசொஃப்ட் "தி குரூ" என்ற கார்ப்பந்தயக் கேமின் சேர்வரை மூடியபோது, வாங்கினவர்கள் எவரும் அதை விளையாட முடியாமல் போனது. அதைத் தொடர்ந்து கேம்களைக் கொல்வதை நிறுத்தக் கோரும் இயக்கம் ஒன்று கிளம்பி, 2025இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளைச் சேர்த்தது. அவர்கள் சேர்வரை என்றைக்கும் நடத்து என்று கேட்கவில்லை. மூடும்போது கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்றுதான் கேட்டார்கள். பிரீலான்சரில் 2003இலேயே இருந்த ஏற்பாடு அதற்குக் கிட்டத்தட்டப் போதும்.

ஆகவே அடுத்த தரம் ஒரு விண்வெளிக் கேமைப் பற்றிய கருத்துகளை வாசிக்கும்போது "நல்லம்", "கூடாது" என்பதை மட்டும் எண்ணாதேங்கோ. சொல்பவர் எத்தனை மணித்தியாலம் விளையாடினவர், எந்தக் கருவியில், எந்த வருசம் எழுதினவர் என்று பாருங்கோ. 2016இல் நோ மான்ஸ் ஸ்கையைத் திட்டினவரும் 2024இல் புகழ்ந்தவரும் பொய் சொல்லவில்லை; அவர்கள் விளையாடினது ஒரே பெயருள்ள இரண்டு கேம்கள். வெறுமை என்று ஒருவர் எழுதினால் அவர் தனியாக விளையாடினவரா, கூட்டத்தோடா என்று கேளுங்கோ. காசு கட்ட முதல் இன்னும் இரண்டு கேள்வி: இணையம் போனால் இது ஓடுமா? கொம்பனி போனால் இது ஓடுமா?

1984இன் எலீட் இன்றைக்கும் ஓடும். பழைய கணினி தேவையில்லை, பிபிசி மைக்ரோவைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள் போதும். லேவ் என்ற கோளுக்குப் பக்கத்தில், 100 கிரெடிட்டோடு, அதே கோட்டுக் கப்பலில் தொடங்கலாம். நிலைய வாசலில் மோதிச் சாகவும் செய்வீர்கள். அது உங்களுக்கு வெறுமையாகத் தெரியுதா, சுதந்திரமாகத் தெரியுதா என்று ஒரு பின்னேரம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ.